வாடகைக் கப்பலும் சொந்தக் கம்ப்யூட்டரும்

தாமிரபரணிக் கரையில் உள்ள ஏரல், சுற்று வட்டாரக் கிராமங்களுக்கெல்லாம் கடைத்தெரு. கல்யாணத்துக்குப் பாத்திரம் வேண்டுமா, பண்டிகைக்குப் புடவை வேண்டுமா, ஏரலுக்குத்தான் போக வேண்டும் என்பது அந்தப் பக்கத்து மக்களின் பல தலைமுறைப் பழக்கம். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் சேர்மன் அருணாசல சுவாமி கோவிலுக்கு வரும் கூட்டத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அந்த நாட்களில் கடைத்தெருவில் எள் போட்டால் எள் விழாது.

அப்படிப்பட்ட ஒரு நாளில், கடையிலே ரசீது போடும் கம்ப்யூட்டர் நின்றுபோனால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். யந்திரம் பழுதாகவில்லை. மின்சாரமும் போகவில்லை. திரையிலே நீல நிறத்தில் ஒரு வாசகம் மட்டும் நிற்கிறது: புதுப்பித்துக்கொண்டிருக்கிறேன், அணைத்துவிடாதீர்கள் என்று! முதலாளி பணம் வாங்கக் காத்திருக்கிறார். வாடிக்கைக்காரர் பணம் கொடுக்கக் காத்திருக்கிறார். கடைப்பையன் பழைய ரசீதுப் புத்தகத்தைத் தேடி ஓடுகிறான். யாரோ எந்த ஊரிலோ இருந்துகொண்டு, இந்த நேரத்தில் இந்தக் கம்ப்யூட்டர் வேறு வேலை பார்க்க வேண்டும் என்று தீர்மானித்துவிட்டார்கள்.

இது ஒரு தொல்லை. இன்னும் எத்தனையோ உண்டு. நேற்று வரை அச்சடித்த யந்திரம், வேறு கம்பெனி மை போட்டதும் வேலைநிறுத்தம் செய்கிறது. பத்து வருஷத்துக்கு முன் தமிழில் தட்டெழுதி வைத்த கடிதத்தைத் திறந்தால் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. ஒருமுறை விலை கொடுத்தால் போதும் என்றிருந்த மென்பொருளுக்கு மாதா மாதம் சந்தா கட்டச் சொல்கிறார்கள். சந்தா தவறினால், நாமே எழுதிய கணக்கை நாமே பார்க்க முடிவதில்லை.

"என் காசு போட்டு வாங்கிய கம்ப்யூட்டர், என் பேச்சை ஏன் கேட்கமாட்டேன் என்கிறது?"

இந்தக் கேள்வி கம்ப்யூட்டர் வைத்திருக்கும் எல்லோருக்கும் ஒரு நாள் வந்தே தீரும். விடை ஒன்றும் மர்மம் அல்ல. பெட்டிதான் நம்முடையது. உள்ளே இருந்து அதை ஆட்டிவைக்கும் மென்பொருள் நம்முடையது அல்ல.

கிரயமா, குத்தகையா?

நிலம் வாங்குகிறவர்களுக்குக் கிரயம் என்றால் என்ன, ஒத்தி என்றால் என்ன, குத்தகை என்றால் என்ன என்று நன்றாகத் தெரியும். கிரயப் பத்திரம் கையில் இருந்தால் கிணறு வெட்டலாம், வாழையை அழித்து நெல் நடலாம், விற்கலாம், பிள்ளைக்கு எழுதி வைக்கலாம். குத்தகைக்காரனுக்கு இந்த உரிமைகள் கிடையா.

கம்ப்யூட்டரை வாங்கும்போது நாம் கிரயம் முடித்துவிட்டதாக நினைக்கிறோம். ஆனால் மென்பொருளை முதன்முதலாகத் திறக்கும்போது நீளமான ஒரு பத்திரம் திரையில் ஓடுகிறதே, அதை யாராவது படித்ததுண்டா? "சம்மதம்" என்ற பொத்தானை அழுத்திவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறோம். பெரும்பாலான அந்தப் பத்திரங்களில் எழுதியிருப்பது இதுதான்: இந்த மென்பொருள் உமக்கு விற்கப்படவில்லை, எமது நிபந்தனைகளின்படி உபயோகிக்க அனுமதி மட்டும் தரப்படுகிறது. ஆகவே அது கிரயம் அல்ல, குத்தகை!

தூத்துக்குடிக் கடற்கரையில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், சிப்பிகளைத் திறக்காமலேயே ஆயிரக்கணக்கில் எண்ணி ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருக்கிறதா, வெறும் சதைதானா என்று ஏலம் எடுப்பவனுக்குத் தெரியாது. அதிர்ஷ்டம் இருந்தால் செல்வந்தன், இல்லாவிட்டால் நஷ்டம். ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். ஏலம் எடுத்த பிறகு சிப்பியைத் திறக்கும் உரிமை அவனுக்கு இருந்தது! இன்று நாம் காசு கொடுத்து வாங்கும் மென்பொருள்களில் பெரும்பாலானவை மூடிய சிப்பிகள். வாங்கலாம், வைத்துக்கொள்ளலாம். திறந்து பார்க்கக்கூடாது.

மென்பொருளை எழுதுகிறவர்கள் முதலில் மனிதர்கள் படிக்கக்கூடிய முறையில் கட்டளைகளை எழுதுகிறார்கள். அதற்கு மூலநிரல் என்று பெயர். பிறகு அது யந்திரத்துக்கு மட்டும் விளங்கும் எண்களாக மாற்றப்படுகிறது. நம் கைக்கு வருவது அந்த எண்கள்தான். மூலநிரல் கம்பெனியின் இரும்புப் பெட்டிக்குள் இருக்கிறது. அது இல்லாமல், கெட்டிக்காரனான ஒரு மெக்கானிக்கும் கோளாறை நேராகத் திருத்த முடியாது.

தூத்துக்குடி கற்ற பாடம்

வாடகைப் பொருளை நம்பி வியாபாரம் செய்தால் என்ன நேரும் என்பதைத் தூத்துக்குடி நூறு வருஷங்களுக்கு முன்பே கற்றுக்கொண்டது.

1906-ஆம் ஆண்டு. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விடுவதில் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியே கொடிகட்டிப் பறந்தது. அதை எதிர்த்து வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். அந்த வருஷம் அக்டோபர் 16-ஆம் தேதி கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய்.

கம்பெனி இருந்தது, கப்பல் இல்லை. ஆகவே ஷாலைன் ஸ்டீமர்ஸ் என்ற கம்பெனியிடமிருந்து கப்பலை வாடகைக்கு அமர்த்தி ஓட்டினார்கள். வெள்ளைக்காரக் கம்பெனி பார்த்தது. சுதேசிக் கம்பெனியோடு நேரே மோதுவதைவிட, கப்பல் கொடுத்தவனை மிரட்டுவது சுலபம் அல்லவா? நெருக்குதல் வந்தது. ஷாலைன் கம்பெனி கப்பலைத் திரும்ப எடுத்துக்கொண்டது. பிரயாணிகள் இருந்தார்கள், சரக்கு இருந்தது, உற்சாகம் இருந்தது, கப்பலைக் காணோம்!

சிதம்பரம் பிள்ளை சோர்ந்துவிடவில்லை. கொழும்பிலிருந்து வேறொரு கப்பலை வாடகைக்குப் பிடித்து அப்போதைக்குச் சமாளித்தார். ஆனால் பாடம் மனத்தில் பதிந்துவிட்டது. சொந்தக் கப்பல் வாங்கினால் ஒழிய விமோசனம் இல்லை என்று வடக்கே புறப்பட்டுப் போனார். அதன் பலனாக 1907-ஆம் ஆண்டில் "காலியா", "லாவோ" என்ற இரண்டு கப்பல்கள் சுதேசிக் கொடியோடு தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தன.

இன்று அந்தத் துறைமுகத்துக்கே அவர் பெயர். பெயரை வைத்துக்கொண்டோம், பாடத்தை மறந்துவிட்டோமோ என்று சந்தேகமாக இருக்கிறது.

ஒரே நாளில் பூட்டிய கதவு

"அதெல்லாம் வெள்ளைக்காரன் காலம். இப்போது யார் அப்படிச் செய்வார்கள்?" என்று கேட்கலாம். தூரத்தில் போக வேண்டாம். 2025-ஆம் ஆண்டு ஜூலை மாதம் குஜராத் மாநிலத்தில் நடந்ததைக் கேளுங்கள்.

அங்கே வாடினார் என்ற இடத்தில் நயாரா எனர்ஜி என்ற கம்பெனிக்குப் பெரிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது. அதில் ருஷ்யக் கம்பெனி ஒன்றுக்குப் பங்கு உண்டு. ருஷ்யா மீது கோபம் கொண்ட ஐரோப்பிய நாடுகள் நயாரா மீதும் தடை விதித்தன. அந்தத் தடை இந்தியச் சட்டம் அல்ல. ஆனாலும் நயாரா ஊழியர்கள் உபயோகித்து வந்த மைக்ரோசாப்ட் மின்னஞ்சல் முதலான வசதிகள் திடீரென்று நிறுத்தப்பட்டன. தங்கள் கடிதங்கள் தங்களுக்கே கிட்டாத நிலை. பணம் கொடுத்துப் பெற்ற வசதியை இப்படி நிறுத்தலாமா என்று கம்பெனி டில்லி உயர்நீதிமன்றத்துக்குப் போயிற்று. சில நாட்களில் வசதி திரும்பக் கிடைத்தது. ஷாலைன் கப்பலின் கதையும் இந்தக் கதையும் ஒன்றுதானே? மிரட்டப்பட்டவன் வாடகைக்காரன் அல்ல, வாடகைக்குக் கொடுத்தவன். ஆனால் நடுக்கடலில் நின்றது வாடகைக்காரன்தான்.

புத்தகக் கதை இன்னும் வேடிக்கை. 2009-ஆம் ஆண்டு ஜூலையில் அமெரிக்காவில், அமேசான் கம்பெனியின் கிண்டில் என்னும் படிப்புப் பலகையில் காசு கொடுத்து வாங்கியிருந்த சில புத்தகங்கள், வாங்கியவர்களின் கருவியிலிருந்து திடீரென்று மறைந்தன. பதிப்புரிமைத் தகராறு காரணமாகக் கம்பெனியே தூரத்திலிருந்து அழித்துவிட்டது. பணத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டது. மறைந்தவற்றில் ஒன்று ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய "1984". குடிமக்களை ஓயாமல் வேவு பார்த்து, பழைய பதிவுகளை அழித்து எழுதும் ஓர் அரசாங்கத்தைப் பற்றிய நாவல் அது! பின்னர் கம்பெனி மன்னிப்புக் கேட்டுக்கொண்டது. ஆனால் கடைக்காரன் இரவில் வந்து நம் வீட்டு அலமாரியைத் திறக்க முடியும் என்பது ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது.

வயலையும் இது விட்டுவைக்கவில்லை. ஜான் டியர் டிராக்டர்களின் உள்ளே இருக்கும் மென்பொருளைக் கம்பெனி ஆட்கள்தான் தொட முடிகிறது, தங்கள் டிராக்டரைத் தாங்களே பழுது பார்க்க முடியவில்லை என்று அமெரிக்க விவசாயிகள் பல வருஷங்கள் போராடினார்கள். 2025-ஆம் ஆண்டு ஜனவரியில் அந்நாட்டு மத்திய வர்த்தகக் கமிஷனே கம்பெனி மீது வழக்குத் தொடுத்தது. நம் நாட்டிலும் பழுது பார்க்கும் உரிமையைப் பற்றி ஆராய மத்திய நுகர்வோர் விவகார இலாகா 2022-ஆம் ஆண்டு ஜூலையில் ஒரு குழுவை அமைத்தது. விவசாயக் கருவிகள், கைப்பேசிகள், வாகனங்கள், வீட்டு உபயோகச் சாமான்கள் ஆகியவற்றை அது கவனத்தில் எடுத்துக்கொண்டது.

சிக்கிக்கொண்ட காகிதம்

இதற்கெல்லாம் மாற்று உண்டா? உண்டு. அது பிறந்த கதை, ஏரலில் ஜெராக்ஸ் கடை நடத்துகிறவர்கள் எல்லோருக்கும் சட்டென்று விளங்கும். காகிதம் சிக்கிக்கொண்டதில்தான் அது பிறந்தது!

1980-ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவிலுள்ள எம். ஐ. டி. என்ற பிரபல தொழில்நுட்பக் கழகத்தில் ஜெராக்ஸ் கம்பெனியின் புதிய அச்சு யந்திரம் ஒன்று வந்திறங்கியது. அடிக்கடி அதில் காகிதம் சிக்கும். யந்திரம் இருப்பது ஓர் இடம், ஆட்கள் இருப்பது வேறிடம். நடந்து போய்ப் பார்த்தால்தான் சிக்கியது தெரியும். அங்கே வேலை பார்த்த ரிச்சர்டு ஸ்டால்மன் என்ற இளைஞர், பழைய யந்திரத்தின் மென்பொருளை முன்பே தமக்கேற்றபடி மாற்றி வைத்திருந்தார்; காகிதம் சிக்கினால் அவரவர் கம்ப்யூட்டருக்குச் செய்தி வந்துவிடும். புதிய யந்திரத்திலும் அவ்வாறே செய்ய நினைத்தார். ஆனால் மூலநிரல் கிடைக்கவில்லை. அதை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளரிடம் போய்க் கேட்டார். "கொடுக்கமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்" என்பதாக அவர் மறுத்துவிட்டார்.

கோளாறு தெரிகிறது, சரி செய்யத் திறமை இருக்கிறது, அனுமதி மட்டும் இல்லை. இந்த எரிச்சல் அவரைச் சும்மா இருக்கவிடவில்லை. 1983-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் தேதி, யாரும் திறந்து பார்க்கவும் திருத்தவும் பிறருக்குக் கொடுக்கவும் கூடிய மென்பொருள்களை எழுதப்போவதாக அறிவித்தார். "க்னூ" என்பது அந்தத் திட்டத்தின் பெயர். 1991-ஆம் ஆண்டில் பின்லாந்து தேசத்தைச் சேர்ந்த 21 வயது மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், கம்ப்யூட்டரின் அடிப்படை வேலைகளைக் கவனிக்கும் "லினக்ஸ்" என்ற பகுதியை எழுதி வெளியிட்டார். இரண்டும் சேர்ந்தபோது முழுக் கம்ப்யூட்டரையும் நடத்தும் கட்டற்ற மென்பொருள் உலகத்துக்குக் கிடைத்தது.

இது ஏதோ சில பைத்தியக்காரர்களின் பொழுதுபோக்கு என்று நினைத்துவிடக்கூடாது. 2017-ஆம் ஆண்டு நவம்பரிலிருந்து உலகின் மிக வேகமான 500 கம்ப்யூட்டர்களின் பட்டியலில் உள்ள அத்தனையும் லினக்ஸில் ஓடுபவைதான். நம்மில் பலர் சட்டைப்பையில் வைத்திருக்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அடித்தளமும் லினக்ஸே.

இலவசம் வேறு, சுதந்திரம் வேறு

இந்த இடத்தில் தமிழுக்கு ஒரு பெருமை உண்டு. ஆங்கிலத்தில் "காசில்லாதது" என்பதற்கும் "கட்டற்றது" என்பதற்கும் ஒரே சொல். ஆகவே கட்டற்ற மென்பொருள் என்றதும் ஓசியில் கிடைப்பது என்றே அங்கே பலரும் எண்ணினார்கள். விளக்கிச் சொல்லியே ஸ்டால்மனுக்கு வாய் வலித்திருக்கும். நமக்கோ இலவசம் வேறு சொல், சுதந்திரம் வேறு சொல்.

அதன் வித்தியாசத்தையும் தூத்துக்குடி அறியும். சுதேசிக் கப்பலை ஒழிப்பதற்காக வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போயிற்று. கடைசியில் இலவசமாகவே ஏற்றிப் போவதாகச் சொல்லி, பிரயாணிக்கு ஒரு குடையும் கொடுத்ததாகக் கூறுவார்கள். குடை இலவசம், ஆனால் கப்பல் யாருடையது? இன்றும் கைப்பேசியிலும் கம்ப்யூட்டரிலும் காசு கேட்காத எத்தனையோ வசதிகள் நமக்குக் கிடைக்கின்றன. நாம் எங்கே போகிறோம், எதை வாங்குகிறோம் என்ற விவரங்களை அவற்றில் பல எடுத்துக்கொள்கின்றன. அவை குடைகள். கட்டற்ற மென்பொருள் என்பது கப்பலின் சாவி. சாவிக்குக் காசு கொடுக்க நேர்ந்தாலும் அது கொடுக்கத் தக்க காசுதான்.

தமிழ் எழுத்து பட்ட பாடு

சொந்த அனுபவம் இல்லாத விஷயமாகத் தமிழர்கள் இதை நினைக்க முடியாது. 1990-களில் தமிழ் எழுத்துகளைக் கம்ப்யூட்டரில் கொண்டுவந்தவர்கள் ஆளுக்கொரு முறையைக் கையாண்டார்கள். ஒரு கம்பெனியின் எழுத்துருவில் "அ" இருக்கும் இடத்தில், இன்னொரு கம்பெனியின் எழுத்துருவில் வேறேதோ இருக்கும். சென்னையில் தட்டெழுதியதைத் தூத்துக்குடியில் படிக்க வேண்டுமானால், அதே எழுத்துரு இங்கேயும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிரந்தமா, கிரேக்கமா என்று தெரியாத கோலங்கள்தான் வரும். எழுதியவன் தமிழன், எழுதியது தமிழ். சாவி மட்டும் எழுத்துரு கம்பெனியிடம்!

இந்தச் சிக்கலைத் தீர்க்கத் தமிழ்நாடு, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, மேல்நாடுகள் என்று பல இடத்துத் தமிழர்களும் கூடினார்கள். 1999-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் "தமிழ் 99" என்ற விசைப்பலகை முறை வந்தது. உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோடு முறையில் 1991-லேயே தமிழுக்கு இடம் கிடைத்திருந்தது. 2010-ஆம் ஆண்டில் தமிழக அரசு யூனிகோடை அதிகாரபூர்வமான முறைகளில் ஒன்றாக ஏற்றது. இன்று ஏரலிலிருந்து அனுப்பும் தமிழ்ச் செய்தி டொரண்டோவில் உள்ள பேரனின் கைப்பேசியில் எழுத்துப் பிசகாமல் தெரிகிறது என்றால், யாருக்கும் தனிச் சொத்து அல்லாத ஒரு பொது முறைதான் காரணம்.

ஆனாலும் பழைய கட்டு முழுதும் அவிழவில்லை. நம் ஊர் அச்சகங்களுக்குப் போய்ப் பாருங்கள். பேஜ்மேக்கர் என்ற மென்பொருளில் கல்யாணப் பத்திரிகை தயாரிப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அதன் கடைசிப் பதிப்பு 2001-ஆம் ஆண்டில் வந்தது; 2004-இல் அடோபி கம்பெனி அதை மேற்கொண்டு வளர்ப்பதை நிறுத்திவிட்டது. வருஷக்கணக்கில் சேர்த்த பத்திரிகை மாதிரிகள், பழைய எழுத்துருக்கள் எல்லாம் அதற்குள்ளே இருப்பதால் அச்சகத்தாருக்கு வெளியேற வழியில்லை. பழைய மென்பொருளுக்காகப் பழைய கம்ப்யூட்டரைச் சாகவிடாமல் காப்பாற்றி வருகிறார்கள். மாட்டுக்காக வண்டியா, வண்டிக்காக மாடா?

வெள்ளம் கேட்ட கேள்வி

2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளை ஏரல்வாசிகள் மறக்க மாட்டார்கள். பக்கத்திலுள்ள காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரை புரண்டது. ஏரல் பாலம் சேதமடைந்து போக்குவரத்து அறுந்தது. கடைத்தெருவில் வெள்ளம் புகுந்து சரக்கெல்லாம் நாசமாயிற்று.

அப்படி ஒரு வெள்ளம் வந்தால், சரக்கு போகட்டும், கணக்கு எங்கே? யார் யாருக்குக் கடன் கொடுத்தோம், யாருக்குக் கொடுக்க வேண்டும்? காகிதப் பேரேடாக இருந்தால் நனைந்தால் போயிற்று. கம்ப்யூட்டர் கணக்கைப் பல பிரதிகள் எடுத்து வைக்கலாம் என்பதுதான் அதன் பெரிய லாபம். ஆனால் அந்தப் பிரதியை அதே மென்பொருள், அதே உரிமச் சீட்டு, அதே கம்ப்யூட்டர் இருந்தால்தான் திறக்க முடியும் என்றால், அந்தப் பிரதியால் என்ன பிரயோஜனம்? பூட்டிய பெட்டியைக் காப்பாற்றிவிட்டுச் சாவியை ஆற்றில் விட்ட கதைதான்! மென்பொருள் யாருடையது என்பது பட்டணத்துப் படிப்பாளிகளின் தர்க்கம் அல்ல. கடைத்தெருக் கடைக்காரரின் கடன் பாக்கியைப் பற்றிய விஷயம்.

அரசாங்கங்கள் செய்து பார்த்தவை

தமிழகம் இதில் பின்தங்கியிருக்கவில்லை. 2007-ஆம் ஆண்டை ஒட்டி, எல்காட் என்னும் தமிழ்நாடு மின்னணு நிறுவனம், சி. உமாசங்கர் ஐ. ஏ. எஸ். அதன் தலைமையில் இருந்தபோது, தன் அலுவலகக் கம்ப்யூட்டர்களை லினக்ஸுக்கு மாற்றியது. அதே 2007-இல் சி-டாக் என்ற மத்திய அரசு நிறுவனத்தின் சென்னைக் கிளை "பாஸ்" என்ற பெயரில் இந்திய மொழிகளுக்கு ஏற்ற லினக்ஸை வெளியிட்டது. 2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது. நம் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனையோ பேருக்கு, கட்டற்ற மென்பொருள் ஒன்று தங்கள் மடியில் இருந்ததே தெரியாது! பொருளைக் கொடுத்தார்கள்; சொல்லிக்கொடுக்க ஆள் போதவில்லை.

கேரளத்தில் வேறு விதமாகச் செய்தார்கள். அங்கே அரசுப் பள்ளிக்கூடங்களின் கம்ப்யூட்டர் கல்வியைக் கவனிக்கும் கைட் என்ற நிறுவனம், முதலில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. பாடத்துக்கு வேண்டிய மென்பொருள்களைத் திரட்டித் தனி லினக்ஸ் தொகுப்பே தயாரித்தது. 2019-இல் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட பள்ளிக் கம்ப்யூட்டர்களில் அதை நிறுவப்போவதாகவும், உரிமக் கட்டணத்தில் சுமார் 3,000 கோடி ரூபாய் மிச்சமாகும் என்றும் அறிவித்தது. வித்தியாசம் மென்பொருளில் இல்லை. ஆசிரியரிடம் இருந்தது.

சொந்த வீட்டின் தொல்லை

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். சொந்த வீடு என்றால் ஓடு மாற்றுவதும் நம் பொறுப்புதான். லினக்ஸுக்கு மாறினால் மறுநாளே எல்லாத் தொல்லையும் தீரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சில அச்சு யந்திரங்கள் முரண்டு பிடிக்கும். ஆடிட்டர் கேட்கும் கணக்கு மென்பொருள் அதில் ஓடாமல் இருக்கலாம். பழைய எழுத்துருவில் உள்ளவற்றை யூனிகோடுக்கு மாற்றும்போது பிழை புகும். ஒருவர் உட்கார்ந்து படித்துத் திருத்த வேண்டும்.

அதுபோலவே, புதுப்பித்தல் என்றாலே அநியாயம் என்பதும் தவறு. 2017-ஆம் ஆண்டு மே மாதம் "வான்னாக்ரை" என்ற விஷமி மென்பொருள் உலகத்தை ஆட்டிவைத்தபோது, புதுப்பிக்காமல் விட்டிருந்த கம்ப்யூட்டர்கள்தான் அதிகம் மாட்டிக்கொண்டன. ஆனால் 2024-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் தேதி நடந்ததோ நேர் எதிர். கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்புக் கம்பெனி அனுப்பிய கோளாறான ஒரு புதுப்பிப்பு, சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்களை முடக்கியது. நம் விமான நிலையங்களில் பிரயாணச் சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்! மருந்து வேண்டும்தான். ஆனால் எந்த மருந்து, எப்போது என்பதில் நோயாளியின் வாய்க்கும் ஒரு மதிப்பு வேண்டாமா?

சிதம்பரம் பிள்ளையின் கப்பல் கதையும் முழுவெற்றியில் முடியவில்லை. 1908 மார்ச் 12-ஆம் தேதி அவரைக் கைது செய்தார்கள். தலைவர் சிறையில், பங்குதாரர்கள் பயத்தில். 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. கப்பல் சொந்தமாக இருந்தும், அதை நடத்த ஆட்கள் சேர்ந்து நிற்க முடியாமற் போயிற்று. சொந்தம் என்பது ஒருமுறை வாங்கி முடிக்கும் பொருள் அல்ல. தினமும் பராமரிக்க வேண்டிய பொருள்.

இன்றைக்கே செய்யக்கூடியவை

அப்படியானால் ஏரல் கடைக்காரரும், அச்சகத்தாரும், கல்லூரி மாணவரும் என்ன செய்யலாம்?

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை. முதலில் சரக்கைக் காப்பாற்றுங்கள். கணக்கு, கடிதம், படம் ஆகியவற்றை எந்த மென்பொருளிலும் திறக்கக்கூடிய பொது வடிவத்தில் ஒரு பிரதி எடுங்கள். ஒன்று கடையில் இருக்கட்டும். இன்னொன்று வெள்ளம் எட்டாத வேறு ஊரில், சொந்தக்காரர் வீட்டில் இருக்கட்டும். கணக்கு மென்பொருள் விற்க வருபவரிடம், "விலை என்ன?" என்று கேட்பதற்கு முன், "நான் இதை விட்டுப் போக நினைத்தால் என் கணக்கு முழுவதையும் எடுத்துக்கொண்டு போகலாமா?" என்று கேளுங்கள். அவர் விழித்தால் விஷயம் விளங்கிவிடும்.

அடுத்து, தமிழில் இனி எழுதுவது எதுவானாலும் யூனிகோடில் எழுதுங்கள். கடிதம் எழுதவும் பட்டியல் போடவும் லிப்ரே ஆபீஸ் என்ற கட்டற்ற மென்பொருள் இருக்கிறது. விண்டோஸிலும் ஓடும், லினக்ஸிலும் ஓடும். ஆகவே வீடு மாறாமலே புதுப் பழக்கத்தைத் தொடங்கலாம்.

மூன்றாவதாக, பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போட அவசரப்படாதீர்கள். விண்டோஸ் 10-க்குச் சாதாரணமாகத் தரப்பட்டு வந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிந்தது. அடுத்த பதிப்போ, நன்றாக ஓடும் பல பழைய கம்ப்யூட்டர்களை ஏற்றுக்கொள்வதில்லை. அவற்றில் பெரும்பாலானவை லினக்ஸ் போட்டால் இன்னும் பல வருஷம் உழைக்கும். ஒரு சிறு செருகியில் லினக்ஸைப் போட்டு, உள்ளே இருப்பதைத் தொடாமலேயே ஓட்டிப் பார்க்கவும் முடியும். பிடிக்காவிட்டால் செருகியைக் கழற்றிவிடலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஆள் வேண்டும். சென்னையில் லினக்ஸ் அன்பர்கள் 1990-களின் இறுதியிலிருந்தே குழுவாகக் கூடி ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்து வந்திருக்கிறார்கள். விழுப்புரத்தில் அத்தகைய குழு ஒன்று கிராமத்து மாணவர்களுக்குப் பயிற்சி அளித்து வந்திருக்கிறது. 2012-இல் தொடங்கிய "கணியம்" என்ற மின்னிதழ், இந்த விஷயங்களை எளிய தமிழில் எழுதத் தொடங்கி வழிகாட்டியது. விழுப்புரத்தில் முடிந்தது ஏரலில் முடியாதா? பள்ளிக்கூட அறையும் ஞாயிற்றுக்கிழமையும் விஷயம் தெரிந்த இரண்டு இளைஞர்களும் இருந்தால் போதும். டைனமோ கெட்டால் பார்க்க ஊரில் ஒருவர் இருக்கிறார். பம்புசெட் கெட்டால் பார்க்க ஒருவர் இருக்கிறார். அவர்களைப்போல, மென்பொருள் தொல்லை கொடுத்தால் திறந்து பார்க்கத் தெரிந்தவரும் உரிமை உள்ளவரும் உள்ளூரிலேயே இருக்கும் நாள் வர வேண்டும்.

கம்ப்யூட்டர் இன்று ஆடம்பரம் அல்ல. தராசைப்போல, முழக்கோலைப்போலக் கடைக்கு வேண்டிய கருவி. தராசின் முள்ளை வேறொருவன் எங்கிருந்தோ அசைக்கலாம் என்றால் எந்த வியாபாரியாவது சம்மதிப்பாரா? சம்மதிக்கமாட்டார். கம்ப்யூட்டரிலும் அந்தப் பிடிவாதம் வரட்டும். சாவி யார் கையில் என்று கேட்பதற்குக் காசு செலவில்லை.